விழுவதற்கு ஓர் ஆள்

ஆவணி 29, திங்கள்

மலைப்பக்கம் விடிய விடிய மழை. கோமுகியில் தண்ணீர் செம்மண் நிறம். அணை மட்டம் எவ்வளவு என்று தெரியவில்லை. இப்போது யார் என்னிடம் சொல்கிறார்கள். லஸ்கராக மதகு திறந்து மூடிய காலத்தில் தினமும் மட்டம் எழுதிய கை. ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் எதையாவது கிறுக்காமல் இருப்பதில்லை. எழுத விஷயம்தான் இருப்பதில்லை.

இன்று இருக்கிறது.

மெட்ராஸிலிருந்து கடிதம். ரகுநாதன் என்று ஒருவர். பழைய படங்களைத் தேடிச் சேர்க்கிறவராம். பேசாத படக் காலத்துக் கோமாளி நடிகர் ஒருவரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். யார் என்று கேட்க வேண்டியதே இல்லை, எங்கள் கம்பெனி ஹீரோதான். செத்து எத்தனையோ வருஷம், இன்னும் அவர் போட்டோ பேப்பரில் வருகிறது. அவர் படத்தில் ஒரு ரீல் யாரோ கொட்டகைக்காரர் வீட்டுப் பரணில் கிடைத்திருக்கிறதாம். ‘அதில் அவரிடம் உதை வாங்கிக்கொண்டே இருக்கும் ஒல்லி ஆள் தாங்கள்தான் என்று கேள்விப்பட்டேன், சரியா?’ என்று கேட்டிருக்கிறார். சனிக்கிழமை கள்ளக்குறிச்சிக்கு புரொஜெக்டரோடு வருகிறார். ஒரு வாத்தியார் வீட்டு ஹாலில் போட்டுக் காட்டுவாராம்.

பதினாலு படம். ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. படம் கொட்டகைக்கு வரும் நாளில் நான் வேறெங்காவது விழுந்துகொண்டிருப்பேன். அப்புறம் பேசும் படம் வந்தது, கம்பெனி மூடியது, ரீல்கள் எங்கே போயினவோ.

மருமகள் செல்வி வாசல் கூட்டிக்கொண்டே கேட்டாள்: “இன்னா மாமா, லெட்டர வச்சிக்கினு தனியா சிரிக்கறீங்க?”

சிரித்தேனா?

நகம் வெட்ட வேண்டும். வேட்டி வெளுக்கப் போட வேண்டும். கண்ணாடியின் ஒரு காது உடைந்து கிடக்கிறது, நூல் போதும்.

ஆவணி 30, செவ்வாய்

ரகுநாதனிடம் மறக்காமல் சொல்ல:

ஏணியிலிருந்து – நாலு தடவை.
கிணற்றில் – இரண்டு. ஒன்றில் தண்ணீர் கம்மி.
சாணித் தொட்டி – எத்தனையோ.
ஓடும் மாட்டு வண்டிப் பின்பக்கம் – ஒன்று.
மாடி ஜன்னல் – ஒன்று. ஹீரோவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி. அவரே குதித்தார் என்றுதான் ஊர் உலகம் நம்பியது. என் இடது இடுப்பு அன்றோடு போயிற்று.

கம்பெனிக்குப் பலகை இறக்க வந்த கூலி நான். வயது பத்தொன்பது. டைரக்டர் வெளியே வந்து, “விழுறதுக்கு ஒரு ஆள் வேணும்” என்றார். பலகை தூக்குவதை விட விழுவது சுலபம் என்று நினைத்தேன். வெயில் இருந்தால்தான் ஷூட்டிங். மேலே வெள்ளைத் துணி கட்டி வெயிலை மட்டுப்படுத்துவார்கள். கேமராக்காரர் கைப்பிடியைச் சுற்றுவார். சுற்ற ஆரம்பித்ததும் உதை, விழு, எழுந்திரு, மறுபடி உதை. சத்தம் பதிவாகாது, அதனால் விழும்போது கத்தலாம். நான் கத்துவதைக் கேட்டு ஹீரோ சிரிப்பார். வசன அட்டை எழுதும் கிழவர் ஒருவர்தான் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்தார். அவர் எழுதிய எந்த அட்டையிலும் என் பெயர் இல்லை. கோவிந்தசாமி என்று யாரும் கூப்பிட்டதும் இல்லை. தூக்கிப் போடுகிற பொருள் என்பதால் ‘மூட்டை’.

அந்தப் பெயர் எனக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. கல்யாணமா, திருவிழாவா, “மூட்ட, ஒரு தடவ விழுந்து காட்டு.” காட்டினேன். எத்தனை வருஷம்.

சாயங்காலம் முருகேசன் கடிதத்தைப் பார்த்துவிட்டான். என் ஒரே மகன், கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. வயது நாற்பத்திரண்டு ஆகிறது, என் எதிரே உட்கார்ந்து சாப்பிட மாட்டான்.

“இன்னா லெட்டரு?”

“நான் நடிச்ச படம் காட்டறாங்களாம். சனிக்கெழம.”

படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான். “போவாத.”

“ஏன்டா?”

“போவாதன்னா போவாத நைனா. அந்தப் பேர மறக்க இந்த ஊருக்கு இம்மாம் வருசம் ஆச்சி. நீயே மறுபடி எடுத்துக் குடுக்கப் போறியா?”

கடிதத்தை மடியில் செருகிக்கொண்டேன். அவனுக்கு ஒன்பது வயதில் பள்ளிக்கூட ஆண்டு விழா. தலைமை தாங்க வந்த நிலக்காரர் மேடையிலிருந்தே கூப்பிட்டார், “எங்கடா மூட்ட?” போனேன். அவர் உதைப்பது போல் காலைத் தூக்குவார், நான் விழ வேண்டும், அதுதான் வழக்கம். அன்று அவர் நிஜமாகவே உதைத்தார். விழுந்தேன். கூட்டம் சிரித்தது. முன் வரிசையில் முருகேசன். அடுத்த நாளிலிருந்து அவன் பெயர் ‘மூட்ட மவன்’. ஏழாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டான். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. தெரிந்துதான் கேட்டேன்.

வாசலில் நின்று செல்வியிடம் சொன்னது காதில் விழுந்தது: “வியாழக்கெழமலருந்து மறியல். ஒரு வாரம் எந்த வண்டியும் ஓடாது. எம்புள்ள வாங்கன மார்க்குக்குப் பாலிடெக்னிக்குல எடம் இல்லன்னுட்டான். நம்ம சனத்துக்கு ஒதுக்கீடு கேக்காம இன்னா பண்றது? ஒதயும் வாங்கிக்கினு சிரிச்சிக்கினும் இருக்கற காலம் பூட்ச்சி.”

கடைசி வார்த்தைகள் சத்தமாக. எனக்காக.

புரட்டாசி 1, வியாழன்

வெயில் ஜாஸ்தி. காலையிலிருந்து பஸ் இல்லை. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். மரம் சாயும் சத்தம் வீடு வரை கேட்டது. பெரிய மரங்கள். நான் வாய்க்கால் பார்த்த காலத்தில் அவற்றின் அடியில்தான் சோறு தின்பேன்.

வெள்ளிமலை ஜீப் நாலும் மாரியம்மன் கோயிலண்டை நிற்கின்றன. மலைக்காரர்கள் கடுக்காய் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து பீடி குடிக்கிறார்கள். அவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

முருகேசன் நேற்றே போய்விட்டான், வீட்டுக்கு வரவில்லை. செல்வி இரண்டு தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்பினாள்.

பால்காரர் நாகப்பன் ஒரு சீட்டு கொண்டுவந்தார். ரகுநாதன் எழுதியது. மறியல் வருவது தெரிந்து புதன்கிழமையே வந்து லாட்ஜில் தங்கிவிட்டாராம். ‘சனி மாலை காட்சி உண்டு. எப்படியாவது வரப் பாருங்கள்.’

“சைக்கிள்ல ஏத்திக்கினு போறன், வர்றீங்களா?” என்றார் நாகப்பன். “பாலுன்னா வுடறாங்க.”

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவெல்லாம் இல்லை.

புரட்டாசி 4, ஞாயிறு. கள்ளக்குறிச்சி லாட்ஜ்

இரண்டு நாள் சேர்த்து எழுதுகிறேன். இடுப்பு மரத்துப் போயிருக்கிறது. சுவரில் சாய்ந்துகொண்டு.

நேற்று காலை நாகப்பன் சைக்கிள் கேரியரில் புறப்பட்டேன். வெளுத்த வேட்டி. செல்வி “அவரு கேட்டா நான் இன்னா சொல்றது?” என்றாள். “நான் சொல்லாம போனேன்னு சொல்லு” என்றேன்.

மூன்றாவது மைலில் மரம். ஐம்பது அறுபது பேர். நிழலுக்குக் கீற்று கட்டி, அடுப்பு மூட்டி, கல்யாண வீடு மாதிரி. முருகேசன் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான், கையில் அரிவாள், வெட்டின கிளையைக் கழித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். இறங்கவில்லை.

“பாலு போவட்டும். ஆள் ஏத்தக் கூடாது” என்றான் ஒருவன்.

இறங்கி நடக்கிறேன் என்றேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

என் வயதை ஒட்டிய ஒருவர், கண்டராதித்தன், எழுந்து வந்தார். “அட, நம்ம மூட்ட! வெள்ள வேட்டில்லாம் கட்டிக்கினு எங்க கெளம்பிட்ட?” பையன்களிடம் திரும்பி, “டேய், இவரு யார்னு தெரியுமா ஒங்களுக்கு? சினிமாக்காரரு. இவரு வுழுந்தா அப்டி வுழுவாரு.”

“நெசமாவா தாத்தா?”

“ஒரு தடவ காட்டுங்க தாத்தா. சைக்கிள்லயே வுட்டுடறோம்.”

சைக்கிள் எனக்குத் தேவையே இல்லை. நடந்து போகிறவனை யாரும் தடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்திருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

முருகேசன் மரத்திலிருந்து குதித்தான். கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “நைனா. வாணாம். நடந்தே பூடு” என்றான்.

முழங்கால் அதற்குள் மடிந்துவிட்டது. எழுபத்தாறு வயது முழங்கால். யாரோ ‘காட்டு’ என்றதும் அது தானாக மடிகிறது. கண்டராதித்தன் காலைத் தூக்கினார். நான் எகிறி, ஒரு சுற்றுச் சுற்றி, ரோட்டில் விழுந்தேன்.

சிரித்தார்கள். நன்றாகச் சிரித்தார்கள். ஒருவன் விசிலடித்தான். “இன்னோர் தடவ” என்றான் இன்னொருவன். நான் எழுந்து, வேட்டி மண்ணைத் தட்டி, எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். முருகேசன் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தான். அரிவாள் கீழே கிடந்தது.

நாகப்பன் சைக்கிளில் ஏற்றி லாட்ஜ் வாசலில் இறக்கிவிட்டார்.

மாலை நாலு மணிக்குப் படம். வாத்தியார் வீட்டு ஹால். ஜன்னலுக்குப் போர்வை, சுவரில் வேட்டி. ரகுநாதன் சின்ன வயசு, தாடி, நல்ல மரியாதை. பார்த்தவர்கள் ஐந்து பேர். நான், அவர், வாத்தியார், அவர் வீட்டம்மா, லாட்ஜ் மேனேஜர். ரீல் பாதி ஒட்டிக்கொண்டு வீணாகிவிட்டதாம். மிச்சம் பத்து நிமிஷம்.

வந்தேன். ஒல்லி. தலைமுடி இருந்தது. முதல் உதை, தொட்டியில் விழுந்தேன். இரண்டாவது உதை, ஏணியோடு சாய்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. புரொஜெக்டர் சத்தம் மட்டும். வாத்தியார் வீட்டம்மா “ஐயோ பாவம்” என்றார்.

பிறகு மாடி ஜன்னல். கோட்டு போட்ட முதுகு, குதித்தது.

“ஹீரோவோட துணிச்சலப் பாத்தீங்களா சார்?” என்றார் ரகுநாதன். “டூப் இல்லாம, அந்தக் காலத்துல.”

“அது நான்” என்றேன்.

புரொஜெக்டரை நிறுத்தினார். “அப்படியா? நான் ஏற்கெனவே கட்டுரையில அவர்னு எழுதிட்டேனே. ஏதாவது ஆதாரம் இருக்கா சார்? போட்டோ, கம்பெனிக் கடிதம்?”

எழுந்து நின்று இடது பக்கம் காட்டினேன். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் ஒரு விரல் உயர வித்தியாசம். பார்த்தார். சங்கடப்பட்டார். “அவர் தரப்புலேருந்து வேற மாதிரி சொல்றாங்க. ‘என்றும் சொல்லப்படுகிறது’ன்னு ஒரு வரி சேத்துக்கறேன் சார்.” குறித்துக்கொண்டார். அப்புறம் ஹீரோ என்ன சாப்பிடுவார், கோபக்காரரா, ஒத்திகை பார்ப்பாரா என்று கேட்டார். சொன்னேன்.

ஐம்பத்தைந்து வருஷம் கழித்து ‘என்றும்’ ஆனேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. இன்னொரு தடவை போடச் சொன்னேன். இந்தத் தடவை ஹீரோவைப் பார்க்கவில்லை, விழுவதையும் பார்க்கவில்லை. எழுந்த பிறகு அந்தப் பையன் என்ன செய்கிறான் என்று மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எழுந்ததும் ஓரமாக, கேமராவுக்கு வெளியே, டைரக்டர் நின்ற பக்கம் பார்க்கிறான். ஒரு நொடி. போதுமா, இன்னொரு தடவை விழட்டுமா, நாளைக்கும் வரட்டுமா. அந்தப் பார்வை. வாய் சிரிக்கிறது. கண் சிரிக்கவில்லை, கெஞ்சுகிறது. அந்தப் பையனுக்குப் பயம். உச்சந்தலை முதல் கால் வரை பயம்.

நான் ஜனங்களைச் சிரிக்க வைத்தவன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் பொறுத்தேன்.

நேற்று காலை ரோட்டில் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்தேனே, அதே பார்வைதான்.

“ரொம்ப நல்ல எக்ஸ்பிரஷன் சார் உங்களுக்கு” என்றார் ரகுநாதன்.

புரட்டாசி 6, செவ்வாய்

வீட்டில். நேற்று நாகப்பனோடு திரும்பினேன். மூன்றாவது மைலில் கூட்டம் இல்லை. அடுப்புக் கல் சிதறிக் கிடந்தது, ஒற்றைச் செருப்புகள். ஞாயிறு மத்தியானம் போலீஸ் வேன் வந்து தடியடி. பதினோரு பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்கள் கரும்புத் தோட்டத்தில் புகுந்து மலைப்பக்கம் ஓட்டம். கண்டராதித்தனுக்குக் கை முறிவு. சந்தோஷப்படலாமா என்று பார்த்தேன், வரவில்லை.

முருகேசன் பிடிபட்டானா, ஓடினானா, தெரியவில்லை.

செல்வி அழவில்லை. சாதம் போட்டாள். போட்டுவிட்டு நின்றாள்.

“எல்லாரும் சொன்னாங்க மாமா. ரோட்ல வுழுந்தீங்களாமே.”

“ஆமா.”

“அதுக்கப்பறம் அவரு சாப்புடவே இல்லியாம். அவரு எடத்துல நீங்க இருந்தா இன்னா பண்ணுவீங்க?”

சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

வெந்நீர் ஒத்தடம், இரண்டு வேளை. வீக்கம் குறையவில்லை.

புரட்டாசி 8, வியாழன்

மறியல் முடிந்தது. மரங்களை இழுத்து ஓரத்தில் போடுகிறார்கள். ஜீப் ஓட ஆரம்பித்தாயிற்று. மலை ஜீப் டிரைவர் செல்வியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். முருகேசன் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சாமைக்காட்டுக் குடிசையில். தலையில் அடி. உயிருக்கு ஒன்றும் இல்லை. கைலி, போர்வை, மாத்திரை வேண்டும்.

நான் போகிறேன் என்றேன். செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அவரு ஒங்ககிட்ட பேச மாட்டாரு.”

“பேச வாணாம். குடுத்துட்டு வரேன்.”

புரட்டாசி 11, ஞாயிறு

தூறல். முருகேசன் மலையிலிருந்து இறங்கி வந்து, இன்று காலை அவனாகவே ஸ்டேஷனுக்குப் போனான். செல்வியும் நானும் வாசல் வரை. பெயர், வயது, தகப்பன் பெயர் எழுதிக்கொண்டார்கள். கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோவார்களாம், எத்தனை நாள் என்று சொல்லவில்லை. கேட்டதற்கு ஒரு போலீஸ்காரர், “மரம் வெட்டும்போது யோசிச்சிருக்கணும் பெரியவரே” என்றார். பெரியவரே என்றார்.

வெள்ளிக்கிழமை மலையில் நடந்ததை இன்னும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஜீப்பில் பதினெட்டுப் பேர். வளைவுக்கு வளைவு இடுப்பில் குத்து. வெள்ளிமலையில் இறங்கி வரப்பு மேல் அரை மணி நடை. சாமைக் கதிர் நனைந்து சாய்ந்திருந்தது. குடிசை வாசலில் முருகேசன் உட்கார்ந்திருந்தான், தலையில் துணிக் கட்டு, கன்னம் வீங்கி. குடிசைக்காரர் என்னைப் பார்த்ததும் களி கிண்ட உள்ளே போய்விட்டார்.

பையைப் பக்கத்தில் வைத்தேன். மாத்திரை எது எந்த வேளைக்கு என்று சொன்னேன். தலையாட்டினான். கிளம்பலாம் என்று திரும்பினேன்.

“படம் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எப்டி இருந்த?”

எப்போதும் சொல்வதைச் சொல்லியிருக்கலாம். “பயந்துக்கினு இருக்கறன்டா” என்றேன். “சிரிப்பா ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு தடவ எழுந்ததும் யாரு இன்னா சொல்லுவாங்களோன்னு பாக்கறேன். நேர்ல அது எனக்குத் தெரியல. படத்துல தெரிஞ்சிது.”

“எனக்குத் தெரியும்” என்றான்.

மழை வந்தது. உள்ளே வா என்று அவன் சொல்லவில்லை, நகர்ந்து இடம் விட்டான். கூரைக்குக் கீழே பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டேன் போல.

“அன்னிக்கி ரோட்ல வுழுந்தியே. அடி பட்ச்சா?”

இல்லை என்றுதான் வாயில் வந்தது.

“பட்ச்சி” என்றேன்.

“எங்க?”

காட்டினேன். பார்த்தான். தொடவில்லை. களியைக் குடிசைக்காரர் இரண்டு தட்டில் கொண்டுவந்து வைத்தார். திரும்பி என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். பாதியில் நிறுத்தி, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“ஸ்கூல்ல அன்னிக்கே அடி பட்ச்சான்னு கேக்கலாம்னு மேடைக்குப் பின்னால வந்தேன் நைனா. நீ அந்தாளுகிட்ட கும்புடு போட்டு சிரிச்சிக்கினு இருந்த. திரும்பிட்டேன்.”